சந்தனப் பொட்டும் சாட்சிப் பெட்டியும்

செத்தவரைப் பேசவைக்கும் பெட்டி என்றுதான் விளம்பரத்தாளில் போட்டிருந்தது. விமானக் கொட்டகையில் நின்று அதை வாசித்தபோது செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது.

"செத்தவங்களப் பேசவைக்கதுக்கா இம்புட்டுப் பாடு? உயிரோட இருக்கவங்க வாய மூடுத மாதிரி ஒரு பெட்டி இருந்தாக் கொண்டாரச் சொல்லுங்க. ரெண்டா வாங்கிப் போடலாம்."

"என்னயத்தான சொல்லுத?" என்றார் அவள் கணவர் பூவநாதன்.

"உங்கள இல்ல. அந்தா, இந்த வெயில்ல டை கட்டிக்கிட்டு நிக்காரே, அவர."

கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல்காட்டின் நடுவில், பழைய யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டு மறந்துபோன ஓடுதளம் ஒன்று உண்டு. அதில் நடந்த பறக்கும் பள்ளிக்கு இரண்டே விமானங்கள். நான்கு பேர் உட்காரலாம், மூக்கில் ஒரே காற்றாடி. பூவநாதன் அங்கே தலைமைப் பயிற்றுநர். செண்பகவல்லி மின்கருவிகளைப் பூட்டி, கழற்றி, பழுதுபார்க்கிறவள். ஊர்க் கோயிலில் அம்மன் பெயர் செண்பகவல்லி, சாமி பெயர் பூவநாதர். இவர்கள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தவர்கள், இது கோயில் திருக்கல்யாண அழைப்பா, பந்தி உண்டா என்று கேட்டார்கள். பதினேழு வருஷமாகியும் ஊருக்கு அந்தக் கேலி அலுக்கவில்லை.

டை கட்டிக்கொண்டு நின்றவன் பெயர் நிரஞ்சன். சென்னையில் 'துல்லியம்' என்ற நிறுவனத்தின் ஆள். அந்த வருஷம் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. சிறிய விமானங்களிலும் இனி சாட்சிப் பெட்டி பூட்ட வேண்டும். விபத்து நடந்தால் வருஷக்கணக்காக ஆராயும் குழுக்கள் வேண்டாம். பெட்டி சொல்வதே முதல் சான்று, ஆறு மாதத்துக்குள் மறுக்க ஆள் வராவிட்டால் அதுவே கடைசிச் சான்று. ஆராயத் தெரிந்தவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இதைச் சீர்திருத்தம் என்று அழைத்தார்கள்.

"பழைய கருப்புப் பெட்டி விமானத்தோட நிலைமைய மட்டும்தான் பதிவு பண்ணும் மேடம்," என்று நிரஞ்சன் விளக்கினான். "வேகம், உயரம், சாய்வு, அவ்வளவுதான். விமானி மனசுல என்ன ஓடுச்சு? யாருக்குத் தெரியும்? சாட்சிக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கைப்பிடியில அழுத்தம், உள்ளங்கை வியர்வை, சீட்டுல மூச்சு, நாடி. கண்ணு எங்க பாக்குதுன்னு ஒரு குட்டி கேமரா. சாரோட பழைய பயிற்சி ஒலிப்பதிவு ஒரு முப்பது மணி நேரம் குடுங்க, ரெண்டு நாள் சாரையே சீட்டுல உக்கார வைங்க. ஆளையே படிச்சிடும். நாளைக்கு ஒரு அசம்பாவிதம்னா, சாரே வந்து சொல்ற மாதிரி, சார் குரல்லயே வாக்குமூலம் குடுக்கும்."

"அசம்பாவிதம்னா, நாஞ் செத்துப்போனா?" என்றார் பூவநாதன்.

"சார், அந்த வார்த்தைய நாங்க யூஸ் பண்றதில்ல."

"எங்க ஊருல அப்பப்ப நடக்கும் தம்பி. அதனால ஒரு வார்த்த வச்சிருக்கோம்."

கொட்டகையின் தலைமைப் பொறியாளர் அருமைநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். நிரஞ்சன் சிரிப்பதா வேண்டாமா என்று மூன்று பேர் முகத்தையும் பார்த்தான்.

"விபத்துக்கு என்ன காரணம்னு பெட்டி எப்படி முடிவு பண்ணும்?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"மொத்தம் நாலே தலைப்பு மேடம். விமானி, வானிலை, பராமரிப்பு, பறவை. எல்லா விபத்தும் இந்த நாலுக்குள்ள அடங்கிடும்."

"பெட்டியே தப்பா அளந்திருந்தா?"

"புரியல மேடம்."

"பெட்டிக்கு வருத காத்தே தப்பா வந்திருந்தா, அது எந்தத் தலைப்பு?"

"அப்படி ஒரு தலைப்பு கிடையாதே."

"பறவைக்குக்கூட ஒரு தலைப்பு வச்சிருக்கிய, உங்களுக்கு ஒண்ணு வச்சுக்கிடலயே" என்றாள். நிரஞ்சன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

முதல் விமானத்தில் பெட்டியைப் பூட்ட ஒன்பது நாள் ஆயிற்று. முகப்பில் இருந்த ஆறு வட்ட முள் கருவிகளையும் கழற்றி எடுத்து, அந்த இடத்தில் ஒரு கண்ணாடித் திரையை வைத்தாள். திசை அறியும் உணரியை இறக்கை நுனியில் பித்தளைத் திருகுகளால் பூட்டினாள். இரும்புத் திருகு போட்டால் அது வடக்கு என்று திருகையே காட்டும். பெட்டிக்குப் பெரும்பாடு காற்றில்தான். விமானம் முன்னால் போவதால் மோதும் காற்று ஒன்று, சும்மா சுற்றியிருக்கும் காற்று ஒன்று. இரண்டின் அழுத்தத்தையும் கழித்துப் பார்த்துத்தான் அது வேகத்தைச் சொல்லும். சும்மாக் காற்றை மட்டும் வைத்து உயரத்தைச் சொல்லும். அந்தச் சும்மாக் காற்றுக்காக இடது கதவுக்குப் பின்னால், உடம்பின் பக்கவாட்டில், ஒரு ரூபாய் அளவுக்குப் பளபளப்பான வில்லை ஒன்றைப் பதித்தாள். வில்லையின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பெட்டியின் முழு ஞானமும் அந்த ஓட்டை வழியாகத்தான் போய்வர வேண்டும்.

"இதச் சுத்திச் சிவப்பு வட்டம் வேணும்லா?" என்றாள். "அடைக்கக் கூடாதுன்னு எழுதியும் போடணும். பழசுல இருந்துச்சு."

"ஸ்டிக்கர் அடுத்த ஷிப்மெண்ட்ல வரும் மேடம்."

"அதுவரைக்கும் நான் பெயிண்டுல வட்டம் போட்டுக்கிடுதேன்."

"ஐயோ வேணாம் மேடம். போட்டோ ஷூட் இருக்கு. லுக் போயிடும்."

பழைய ஏற்பாட்டில், வெளி ஓட்டை அடைத்துக்கொண்டால் உள்ளிருந்தே காற்றெடுக்க ஒரு திருகு இருந்தது. அதையும் கழற்றச் சொன்னான். சாட்சிக்கு மாற்று ஏற்பாடு என்பதே சாட்சியை அவமதிப்பது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். முள் கருவியில் ஒன்றையாவது விட்டுவைக்க முடியுமா என்று பூவநாதன் கேட்டுப் பார்த்தார். ரெண்டு கடிகாரம் இருந்தா மணி எதுன்னு சந்தேகம் வரும் சார், என்றான். சந்தேகம் வருவதற்குத்தானே தம்பி இரண்டு வைப்பது, என்றார் அவர். கழற்றிய உயரமானியைக் கைக்குட்டையில் பொதிந்து வீட்டுக்கு எடுத்துவந்தார். அலமாரியில் வைத்தால் அது சும்மா இருக்காது. மழை வருமுன் முள் கொஞ்சம் ஏறும், வெயில் வந்தால் இறங்கும். மூச்சுவிடுது பாரு, என்று தினமும் ஒருமுறை காட்டுவார்.

வேலை முடிந்த மறுநாள் ஆயுதபூஜை. கொட்டகையைக் கழுவிவிட்டு, வாழைக்கன்று கட்டி, பலகையில் ஸ்பானர்களையும் மல்டிமீட்டரையும் பரப்பி வைத்தார்கள். தரையிலிருந்து விமானத்தோடு பேசும் ரேடியோவையும் கம்பிகளை உருவிக் கொண்டுவந்து அதில் வைத்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. அந்தக் கொட்டகையில் ஒப்பந்தங்களை மீறியிருக்கிறார்கள், விதிமுறைகளை மீறியிருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் எவரும் மீறியதில்லை. தேவாலயத்துக்குப் போகிற அருமைநாயகம்கூட அன்று ஒரு திருப்புளிக்காகத் தன் கருவிப் பெட்டியைத் திறக்க மாட்டார்.

விருந்தாளி நிரஞ்சன். விமானத்துக்கு நீங்களே பொட்டு வைங்க தம்பி என்று யாரோ சொன்னார்கள். சந்தனக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தவள் செண்பகவல்லி. மோதிரவிரலால்தான் தொடணும் என்று சொல்லியும் கொடுத்தாள். அவன் மூக்கில் ஒன்று வைத்தான், சக்கரங்களில் வைத்தான். போட்டோக்காரன், "சார், பக்கவாட்டுல ஒண்ணு, லோகோ தெரியற மாதிரி" என்றான். நிரஞ்சன் விமானத்தின் பக்கவாட்டை ஒரு பார்வை பார்த்தான். வெள்ளைப் பரப்பில், வட்டமாக, பளபளப்பாக, பொட்டுக்கென்றே வைத்தது போல் ஒரு வில்லை இருந்தது. தன் கம்பெனியின் முழு ஞானமும் மூச்சுவிடும் ஓட்டை அது என்பது, அதை ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்த அந்த மனிதனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கெட்டியாகச் சந்தனத்தை எடுத்து அதன் மேல் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, விரலை எடுக்காமல் காமிராவைப் பார்த்துச் சிரித்தான்.

செண்பகவல்லி பார்த்தாள். ஐயோ என்று ஓர் எட்டு எடுத்து வைக்கவும் செய்தாள். பூஜையில் வைத்த பொட்டை அப்போதே அழிப்பதா என்று நின்றுவிட்டாள். நாளைக் காலை பத்து மணிக்குத்தான் முதல் பறப்பு. அதற்கு முன் மறுபூஜை. அதன் பிறகு துடைத்து, ஓட்டையை ஊதிவிட்டு, புது ஓட்டை இருக்கும் இடத்தைப் பூவநாதனுக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டியது அவள் வேலை. நேரம் கிடக்கிறது என்று நினைத்தாள். படித்தவள், ஓட்டையைத் துளைத்தவள், அப்படி நினைத்தாள்.

விஜயதசமியன்று காலை ஆறரைக்கு அவள் பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது பூவநாதனின் போன் வந்தது.

"ஏட்டி, நிரஞ்சனுக்கு வெளிச்சம் வேணுமாம். பத்து மணிக்கு மேகம் வந்துரும்ங்கான் போட்டோக்காரன். நான் சூடத்த ஏத்தி மறுபூஜைய முடிச்சிட்டேன். மேல ஒரு சுத்து சுத்திட்டு வந்துருதேன்."

"கையெழுத்துப் போடலையே?"

"அருமைநாயகம் அண்ணாச்சியப் போடச் சொல்லியாச்சு, மேலிடத்துல இருந்து போன் பண்ணி. எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டேன் தாயி, பயப்படாத."

"சரி. பொங்கல் ஆறுததுக்குள்ள வாங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவர் சுற்றிப் பார்த்தது பழைய பட்டியலை வைத்து. பழைய ஓட்டை இருந்த இடத்தைப் பார்த்திருப்பார். அங்கே இப்போது ஒரு தகடு இருந்தது. புதுப் பட்டியல் ஸ்டிக்கரோடு சேர்ந்து அடுத்த ஷிப்மெண்டில் வர வேண்டியிருந்தது.

வீட்டுக் கூரைக்கு மேல் எஞ்சின் சத்தம் கேட்டபோதுதான் அவளுக்குப் பொட்டு நினைவு வந்தது. கை ஈரத்தோடு அருமைநாயகத்துக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, இடது பக்கம் ஓட்டையில சந்தனம் இருக்கு, ரேடியோவுல சொல்லுங்க, உடனே இறங்கச் சொல்லுங்க!"

"ரேடியோ பலகையில மாலையோட இருக்கம்மா. எடுக்கட்டா?"

"எடுங்க அண்ணாச்சி! எடுங்க!"

எடுத்தார். உருவிப்போட்ட கம்பிகளைத் தேடிப் பூட்ட அவருக்கு ஏழு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. விமானம் ஒரு மேகத்துக்குள் போய் வெளியே வருவதுபோல் ஒரு காட்சி வேண்டும் என்று நிரஞ்சன் புறப்படுமுன்பே கேட்டிருந்தான். பூவநாதனும் மேகத்துக்குள் போனார். காய்ந்து வெடித்திருந்த சந்தனம் அதுவரை கீறல் வழியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மேகத்தின் ஈரம் பட்டதும் ஊறி, கீறலை மூடி, ஒரு நூலளவுக்கு மட்டும் காற்றை விட்டது. அதன் பிறகு பெட்டி அறிந்ததெல்லாம் அரை நிமிஷத்துக்கு முந்திய காற்று. அதை இப்போதைய காற்று என்று நம்பி, கழித்துப் பார்த்து, திரையில் வேகம் எழுபது என்று பச்சை எழுத்தில் போட்டது. உண்மையில் ஐம்பதுகூட இல்லை. இறங்குவதற்கான கடைசித் திருப்பத்தில், தாங்கும் வேகம் போதாமல், இறக்கை காற்றை விட்டது. பருத்திக்காட்டில் மூக்குக் குத்தி விழுந்து எரிந்தது. பிறகு மூன்று நாள் மழை. எரிந்தது போக மிச்சமிருந்த சந்தனத்தை மழை கழுவிவிட்டது. பெட்டிக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. இதை நிரஞ்சன் பிற்பாடு பல இடங்களில் பெருமையாகச் சொன்னான்.

பதினோராம் நாள் வாக்குமூலம் வந்தது. ஒலிக் கோப்பாக, நேரே அவள் போனுக்கு.

"நான், கேப்டன் பூவநாதன். விமானத்தின் வேகம் போதுமான அளவில் இருந்தது. இறுதித் திருப்பத்தில் நான் கைப்பிடியை அளவுக்கு மீறி இழுத்துவிட்டேன். பறப்புக்கு முன் வீட்டிற்குப் பேசிய பிறகு என் நாடித்துடிப்பு பன்னிரண்டு கூடியிருந்தது. குடும்ப நினைவுகளால் கவனம் சிதறியது. பிழை என்னுடையது. வருந்துகிறேன்."

அவர் குரல்தான். இருமலுக்கு முன் தொண்டையைச் செருமும் இடம்கூட இருந்தது. ஆனால் அந்த மனிதர் வாழ்நாளில் ஒருமுறைகூட 'வருந்துகிறேன்' என்று சொன்னதில்லை. வருத்தம் வந்தால் டீ போட்டுக் கொடுப்பார். நாடி கூடியதாம். ஐம்பத்திரண்டு வயதில் தொந்தியை மடக்கிக் குனிந்து அந்தச் சின்னக் கதவுக்குள் ஏறி உட்கார்ந்தவருக்கு நாடி கூடாமல் குறையுமா? இருநூறு பொறியாளர்கள் செய்த பெட்டிக்கு இது தெரியவில்லை.

துஷ்டி கேட்க வந்தவர்களுக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. பூவநாதனின் அக்கா, பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுக்குமுன்பே கேட்டாள்: "காலங்காத்தால போன்ல என்னத்தச் சொல்லித் தொலச்ச?"

"பொங்கல் ஆறுததுக்குள்ள வாங்கன்னு சொன்னேன் மதினி."

"பெட்டி பொய்யா சொல்லுது?"

பெட்டி பொய் சொல்லாது என்பதை ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது. போனில் வரும் எதையும் நம்பாத டீக்கடைக்காரர், அரசாங்கத்தையே நம்பாத பால்காரர், எல்லோரும் இதை நம்பினார்கள். செத்தவரே சொல்லும்போது உயிரோடிருக்கிறவர்கள் மறுப்பது மரியாதையில்லை அல்லவா. விமானி பிழை என்று முடிவானால் அவர் கையெழுத்திட்டுப் பறக்கவிட்ட மாணவர்களும் சந்தேகத்துக்குரியவர்கள் என்பது விதி. நாற்பத்து மூன்று பேரின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். கைநடுக்கக்காரன்கிட்டப் படிச்சேன்னு வெளியே சொல்ல வெக்கமா இருக்கு என்று ஒருத்தன், அவர் கையால் மூன்று வருஷம் பரோட்டா வாங்கித் தின்றவன், எழுதிப் போட்டான். ஆறு மாதம் முடிந்தால் பிழை விமானிகள் பட்டியலில் அவர் பெயர் ஏறும். ஏறினால் இறங்காது.

செண்பகவல்லி வாய் திறக்க ஐந்து மாதமாயிற்று. துக்கம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பயம். பொட்டைச் சொன்னால், அதைப் பார்த்துக்கொண்டு நின்றவளையும் சொல்ல வேண்டும். அந்த ஐந்து மாதத்தில் தன்னைப் பற்றி அவள் வைத்திருந்த அபிப்பிராயம், நிரஞ்சனைப் பற்றி வைத்திருந்ததைவிட ஒரு மாற்றும் உயர்ந்ததல்ல.

ஒருநாள் அலமாரியில் உயரமானி தானாகவே பத்தடி ஏறியிருந்தது. வெளியே மழை கூடிக்கொண்டிருந்தது. மூச்சுவிடுது பாரு என்று சொல்ல ஆளில்லை. அதை எடுத்துவந்து சமையல் மேடையில் வைத்தாள். ரப்பர்க் குழாயின் ஒரு முனையை அதில் பூட்டி, மறுமுனையில், கொட்டகையில் மிஞ்சிக் கிடந்த வில்லை ஒன்றைப் பொருத்தினாள். வில்லையின் மேல் ஒரு சின்னப் புட்டியைக் கவிழ்த்து, சிரிஞ்சால் காற்றை உறிஞ்சினாள். முள் உடனே ஏறியது. சந்தனம் அரைத்து ஓட்டையில் அப்பி, காயவிட்டு, உறிஞ்சினாள். அப்போதும் ஏறியது. ஈரத் துணியால் ஒரு ஒற்று ஒற்றிவிட்டு உறிஞ்சினாள். முள் தூங்கி விழித்தவன் போல் யோசித்து, கெஞ்சவிட்டு, மெதுவாக ஏறியது. ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம். பத்துத் தடவை செய்தாள். பிறகு மறுப்பு மனு எழுதினாள்.

விசாரணை மதுரையில், ஓர் அலுவலகத்தின் ஐந்தாம் மாடியில் நடந்தது. அருமைநாயகம் துணைக்கு வந்தார். அதிகாரி ஒருவர், எதிரே நிரஞ்சன், மேசைமேல் பூவநாதனின் பெட்டி. உயரமானியையும் சிரிஞ்சையும் சந்தனத்தையும் அவள் பரப்பி வைக்க, அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது என்னம்மா, பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியா?"

"ஆமா சார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே புரியும். பாருங்க."

செய்து காட்டினாள். முள் தாமதமாக ஏறியதை அதிகாரி பார்த்தார். பார்த்துவிட்டு நிரஞ்சனைப் பார்த்தார்.

"சந்தனம் இருந்ததுக்கு ஆதாரம் இல்ல சார்," என்றான் நிரஞ்சன். "மேடத்தோட துக்கத்த நாங்க மதிக்கிறோம்."

செண்பகவல்லி ஒரு சுவரொட்டியை விரித்தாள். 'துல்லியம்' நிறுவனமே அச்சடித்து எல்லாப் பறக்கும் பள்ளிக்கும் அனுப்பியது. 'மரபும் துல்லியமும் கைகோக்கும் தருணம்' என்று போட்டு, கீழே நிரஞ்சன், பல்வரிசை தெரிய, மோதிரவிரல் பொட்டின் மேல்.

"அந்த விரலுக்குக் கீழதான் சார் ஓட்ட இருக்கு. ஓட்டைக்கு எதிர்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தது நான். அப்பவே துடைச்சிருக்கணும். பூஜையில வச்சதுன்னு விட்டுட்டேன். காலையில போன் வந்தப்பவும் சொல்ல மறந்துட்டேன். அவுக கைப்பிடிய இழுத்தது தப்பில்ல. எழுபதுன்னு திரையில பாத்தா எந்த விமானியும் அப்படித்தான் இழுப்பான். தப்பு அவுகளுது இல்ல."

அருமைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிரஞ்சன் தன் படத்தையே, முதல்முறை பார்க்கிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி நல்லவர்தான். அவரே முடிவு சொல்லியிருக்கலாம். ஆனால் முடிவு சொல்லும் பழக்கம் அந்த அலுவலகத்தில் ஒரு வருஷமாக விட்டுப்போயிருந்தது. "புதுத் தகவல். பெட்டிக்குக் குடுங்க" என்றார்.

படத்தையும் அவள் பேச்சையும் பெட்டிக்கு ஊட்டினார்கள். இரண்டு நிமிஷம் ஒரு பச்சை விளக்கு மினுங்கியது. பிறகு பூவநாதன் தொண்டையைச் செருமினார்.

"திருத்திய வாக்குமூலம். பறப்புக்கு முன் இடது கதவின் பின்புறம் அந்நியப் பொருளைப் பார்த்தேன். என் மனைவி வைத்தது என்று எண்ணி அதை அகற்றவில்லை. கருவியைப் பூட்டிய தொழில்நுட்பவியலாளரான செண்பகவல்லி அதை அகற்றியிருக்க வேண்டும். எனக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அவர் கடமை தவறினார். காரணம்: பராமரிப்பு."

சந்தனம் அந்நியப் பொருளாகிவிட்டது. அவர் பார்த்தாரா, பார்த்துவிட்டு அவள் வைத்தது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே விட்டாரா, அல்லது பெட்டி வாக்கியத்தை ஒப்பேற்ற அதைச் சேர்த்துக்கொண்டதா என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. பதினேழு வருஷத்தில் உப்புக் குறைந்தது என்றுகூட அவர் அவளைக் குறை சொன்னதில்லை. சொல்லவைத்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா சார்!" என்று நிரஞ்சன் பெட்டியை நோக்கி விரலை நீட்டியபடி எழுந்தேவிட்டான். குரலில் நிஜமான சந்தோஷம். "தகவல் குடுத்தா சாட்சி தன்னையே திருத்திக்குது பாருங்க! எந்தக் கமிட்டிக்கு இந்த மனசு வரும்?"

"தம்பி, உக்காருங்க," என்றார் அருமைநாயகம். "உங்க விரல மொதல்ல கீழ எறக்குங்க."

"அதுகிட்ட நான் ஒண்ணு கேக்கணும் சார்," என்றாள் செண்பகவல்லி. அதிகாரி தலையசைத்தார். அவள் பெட்டிப் பக்கம் திரும்பினாள். எப்படி அழைப்பது என்று ஒரு நொடி தடுமாறினாள். "ஏங்க" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். இது அவர் இல்லை. "ஓட்டையச் சுத்தி ஏன் சிவப்பு வட்டம் இல்ல? பொட்டு வச்சது யாரு?"

"இந்த வினாக்கள் எந்தக் காரணத் தலைப்பின் கீழும் வரவில்லை" என்றது அவர் குரல், மிகவும் பணிவாக.

அதிகாரி காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "ஏத்துக்கிட்டா உங்க உரிமம் ரத்தாகும். மறுத்து இன்னொரு மனுப் போட உரிமை இருக்கும்மா. ஆனா அதுவரைக்கும் பழைய முடிவுதான் நிக்கும்."

"நான் ஏத்துக்கிட்டா அவுக பேரு பட்டியல்ல ஏறாதுல்லா?"

"ஏறாது."

"அந்த நாப்பத்து மூணு பிள்ளைங்க?"

"நாளைக்கே பறக்கலாம்."

நிரஞ்சன் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான். உதவி செய்கிறவன் முகம் அவனுக்கு நன்றாக வரும். அவள் அதை வாங்கவில்லை. அருமைநாயகத்தின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். சிரிஞ்சையும் உயரமானியையும் கைக்குட்டையில் பொதிந்துகொண்டாள்.

மறுவாரம் கருவிப் பெட்டியை ஒப்படைக்கக் கொட்டகைக்குப் போனாள். இரண்டாவது விமானம் நின்றிருந்தது. அதற்கும் சாட்சி பூட்டியாயிற்று, வேறு ஆள் வந்து. இடது கதவுக்குப் பின்னால் வில்லை பளபளத்தது. சுற்றிலும் வெறும் வெள்ளை.

"ஸ்டிக்கர் வந்துச்சா அண்ணாச்சி?"

"அடுத்த ஷிப்மெண்ட்டாம்." அருமைநாயகம் சுற்றுமுற்றும் பார்த்தார். "காரணம் பராமரிப்புன்னு முடிவாயிட்டதால, வட்டத்தப் பத்தி யாரும் சிபாரிசு எழுதல. பெட்டி சொல்லல, அதனால எழுதல."

செண்பகவல்லி சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள்.

"ஏம்மா, உனக்கு இப்ப உரிமம் கிடையாதே. உத்தரவில்லாம விமானத்துல கை வைக்கலாமா?"

"கை வைக்கக் கூடாதவங்கள்லாம் வச்சாச்சு அண்ணாச்சி. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க."

அவர் திரும்பி நின்றார். அவள் தட்டை மூடி ஒன்றை வைத்து அளவெடுத்து, கை நடுங்காமல், ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டாள். தூரிகையைத் துடைத்து மூடிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் புதுச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதே படம், அதே சிரிப்பு. மேலே வாசகத்தை மட்டும் 'தன்னையே திருத்திக்கொள்ளும் சாட்சி' என்று மாற்றியிருந்தார்கள். சந்தனத்தையும் குங்குமத்தையும் கணினியில் சுத்தமாக அழித்திருந்தார்கள். விமானத்தின் உடம்பு பால்போல் வெள்ளையாக இருந்தது. பொட்டை அழித்தவர்களுக்கு நிரஞ்சனின் விரலை அழிக்கத் தோன்றவில்லை. அது அங்கேயே இருந்தது, நீட்டியபடி, நேராக அந்த ஓட்டையைக் காட்டிக்கொண்டு.